மைக்ரேஷன் எங்கே தம்பி?

நோட்டீஸ் போர்டைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். ரேஷன் கடை, மின்வாரிய ஆபீஸ், ரயில்வே ஸ்டேஷன்... எதையும் விடுவதில்லை. டெண்டர் அறிவிப்பிலிருந்து 'காணவில்லை' வரைக்கும் வரி விடாமல் படித்துவிட்டுத்தான் நகர்வேன். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீஸ் வாசலில் இப்படி நின்றபோது, பின்னாலிருந்து ஒருவர் மரியாதையாகவே கேட்டார்: "அண்ணாச்சி, தார் ரோடு காண்ட்ராக்டா எடுக்கப் போறீங்க?"

காண்ட்ராக்டும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. பயம், சார்! அந்தப் பயத்துக்குப் பிறந்த தேதி, பிறந்த இடம் எல்லாம் உண்டு. பிறந்தது 2011 ஜூலையில். இடம், ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தின் கதவு மூலை.

அதைக் கிளறிவிட்டவள் என் அக்கா மகள். இந்த வருஷம் அவளுக்கு எம்.எஸ்ஸி. கணிதத்தில் இடம் கிடைத்தது. கல்லூரியில் இல்லை, பல்கலைக்கழகத் துறையிலேயே! மம்சாபுரத்தில் எங்கள் வகையறாவில் பட்டமேற்படிப்பு வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள் அவள்தான். வீட்டில் ஒரே கொண்டாட்டம். கேசரி தீர்ந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"மாமா, நீங்கதான் கூட வரணும். பத்திரிகையிலெல்லாம் எழுதுறீங்க. ஆபீஸ்ல பேசத் தெரியும்."

எனக்கு ஆபீஸில் பேசத் தெரிந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்! நான் பி.காம். பகலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு, ராத்திரியில் இந்த மாதிரிக் கணக்கு. 'நீ ஏன் எம்.காம். படிக்கவில்லை?' என்று வீட்டில் இதுவரை யாரும் கேட்டதில்லை. சில விஷயங்களைக் கேட்காமல் இருப்பதற்குப் பெயர்தான் பாசம்.

உங்களிடம் சொல்லலாம்.

2011ல் பி.காம். முடித்தேன். மார்க் நன்றாகவே வந்திருந்தது. எங்கள் மாவட்டத்துக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. எனக்கு எம்.காம். இடம் கிடைத்தது வேறு ஒரு பல்கலைக்கழகத்தில். பெயர் வேண்டாம், திசையும் வேண்டாம். அந்த 'வேறு' என்ற சொல்லுக்குள்ளே கண்ணிவெடி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தபாலில் கடிதம் வந்தது. இங்கிலீஷில் நாலே வரி. இன்ன தேதியில், இத்தனை மணிக்கு, 'ரெலவன்ட் ஒரிஜினல் சர்டிபிகேட்ஸ்' சகிதம் நேரில் வரவும். ரெலவன்ட் என்றால் சம்பந்தப்பட்ட. எது சம்பந்தப்பட்டது? தெரிந்தவனுக்குத் தெரியும். தெரியாதவன் என்ன செய்வான்? வீட்டில் இருக்கிற அத்தனை காகிதத்தையும் அள்ளிக்கொண்டு போவான். நானும் போனேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., ரேஷன் கார்டு, ரத்ததானம் செய்த சர்டிபிகேட்... ஆறாம் வகுப்பில் சாக்கு ஓட்டத்தில் இரண்டாம் பரிசு வாங்கிய காகிதம்கூட உள்ளே இருந்தது.

அப்பா ராஜபாளையத்தில் மில் தொழிலாளி. நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் அப்படியே கூட வந்தார். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய், ஃபீஸுக்கான டி.டி.யாக உருமாறி என் சட்டைப் பையில் இருந்தது. அன்றைக்குத்தான் சேர்க்கைக்குக் கடைசித் தேதி. வரிசை நகர்ந்து நகர்ந்து என் முறை வரும்போது மணி மூன்றரை.

கிளார்க் என் கட்டைச் சீட்டுக்கட்டு மாதிரிப் புரட்டினார்.

"மைக்ரேஷன் எங்கே தம்பி?"

"அப்படின்னா என்ன சார்?"

"நோட்டீஸ் போர்டுல போட்டிருக்கே, பாக்கலையா?"

நோட்டீஸ் போர்டு எங்கே? தேடினேன். அந்த ஆபீஸுக்கு வராந்தா பக்கமாகத் திறக்கிற ரெட்டைக் கதவு. காலையில் திறந்தால் கதவு போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நோட்டீஸ் போர்டு! அதாவது, ஆபீஸைப் பூட்டிய பிறகு வந்தால் சௌகரியமாகப் படிக்கலாம். கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஏழாவது வரி: இடப்பெயர்வுச் சான்றிதழ்.

"இப்ப என்ன சார் செய்யணும்?" என்றார் அப்பா. கிளார்க் கையை விரித்தார். அவர் கெட்டவர் இல்லை. என் பின்னால் இன்னும் இருபது பேர் நின்றார்கள். அவருக்கும் வீடு வாசல் உண்டு. நாங்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "டி.டி.யைத் திருப்பிக் குடுத்தா பேங்க்ல பணம் தருவாங்களாப்பா?"

தந்தார்கள், கமிஷன் பிடித்துக்கொண்டு. வளையல் வீடு திரும்பியது. நானும் திரும்பினேன். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். அடுத்த வருஷம் வரவே இல்லை. இடப்பெயர்வுச் சான்றிதழ் இல்லை. அதனால் இடம் பெயரவில்லை. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாகூட 2019ல் புவிசார் குறியீடு என்று ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டது!

★

அந்த மைக்ரேஷன் என்ன அப்படிப் பெரிய ரகசியமா? ஒன்றுமே இல்லை. டி.சி. கொடுப்பது கல்லூரி. 'இவர் எங்களிடம் பதிவு செய்து படித்தவர், வேறு பல்கலைக்கழகத்தில் சேர எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுப்பது பல்கலைக்கழகம். அதே பல்கலைக்கழகத்துக்குள் தொடர்ந்து படித்தால் இது தேவைப்படாது. வேறு ஒன்றுக்குப் போனால் கேட்பார்கள். முன்பெல்லாம் ஊர் மாறினால் ரேஷன் கார்டுக்கு சரண்டர் சர்டிபிகேட் வாங்குவோமே, அதற்கு அண்ணன் முறை.

என் தாத்தா படித்திருந்தால் அவருக்கு இந்த வம்பு வந்திருக்காது. 1857ல் ஆரம்பித்த சென்னைப் பல்கலைக்கழகம்தான் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் தாய்வீடு. 1929ல் சிதம்பரத்தில் அண்ணாமலை வந்தது. 1966ல் மதுரை. 1982ல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன். 1990ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார். வாசல்கள் பெருகின, நல்லதுதான். கூடவே வேலிகளும் பெருகின. ராஜபாளையத்தில் டிகிரி முடித்த பையன் பக்கத்துத் தென்காசி மாவட்டத்தில் மேற்படிப்புச் சேர்ந்தால்கூட எல்லை தாண்டிய கணக்குதான். டவுன் பஸ்ஸில் போகிற தூரத்தில் பாஸ்போர்ட் கேட்கிற மாதிரி!

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அக்கா மகளுக்குப் பாடமாக எடுத்தேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

முதல் பாடம், பெயர். நம் ஊரில் இன்ஷியல் என்பது ஒரே ஒரு எழுத்து. கம்ப்யூட்டருக்கு அது ஒற்றைத் தலைவலி. அக்கா மகள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் முன்னால் இன்ஷியலோடு இருந்தாள். ஆதாரில் பின்னால் அப்பா பெயர் முழுசாக இருந்தது. பேங்க் பாஸ்புக்கில் இன்ஷியலே இல்லை. மூன்று பேர், ஒரே போட்டோ! உதவித்தொகை வருவது ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு. பெயர் ஒட்டவில்லை என்றால் பணம் நடுவழியில் நிற்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மூல விக்ரகமாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குத் தக்கபடி திருத்த வேண்டும், அதுவும் சேர்வதற்கு முன்னாலேயே. போதாக்குறைக்கு, ஒரு சர்டிபிகேட்டில் எங்கள் ஊரை 'மாம்சாபுரம்' என்று அடித்து வைத்திருந்தார்கள். கறிக்கடை விலாசம் மாதிரி இருந்தது. அதையும் திருத்தினோம்.

இரண்டாம் பாடம், ஜெராக்ஸ். ஒரு காலத்தில் பச்சை மைப் பேனா வைத்திருக்கிற கெஸட்டட் ஆபீஸர்தான் தெய்வம். அவர் வீட்டுத் திண்ணையில் நாய்க்குப் பயந்து நின்ற நாட்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. 2014ல் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது: மாணவரே கையெழுத்துப் போட்ட நகல் போதும், ஒரிஜினலைக் கடைசியில் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. 2018ல் இன்னொன்றும் சொன்னது: ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்ந்த பிறகு விலகினால் எத்தனை நாளைக்குள் எவ்வளவு ஃபீஸ் திரும்பும் என்பதும் அதே அறிவிப்பில் இருக்கிறது. டி.சி. மட்டும் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். கொடுக்கும் முன்பு நாலு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பாடம், தாலுகா ஆபீஸ். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இதெல்லாம் இ-சேவை மையத்தில் பட்டனைத் தட்டினால் உடனே குதித்து விழுகிற சமாச்சாரம் இல்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று படி ஏற வேண்டும். கம்ப்யூட்டரிலேயே ஏறினாலும் படி படிதான். ரிசல்ட் வந்த பிறகு விண்ணப்பிப்பது, தாலி கட்டுகிற நேரத்தில் பெண் பார்க்கப் போவது மாதிரி.

நாலாவது, எந்த சர்டிபிகேட்டையும் லேமினேஷன் செய்யாதே! பின்னால் சீல் வைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் பிளாஸ்டிக் மேல் எங்கே வைப்பது?

"அவ்வளவுதானா மாமா?"

"இல்ல. மைக்ரேஷன்."

"அதை ரிசல்ட் வந்த அன்னைக்கே அப்ளை பண்ணி வாங்கிட்டேன் மாமா. நீங்க தூக்கத்துல அதைத்தான சொல்லுவீங்கன்னு அம்மா சொன்னாங்க."

அக்கா வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

★

சேர்க்கை நாள். விடிகாலை பஸ். அக்கா அரைக் கிலோ பால்கோவாவைக் கட்டிக் கொடுத்து, "ஆபீஸ்ல யாருக்காச்சும் குடு தம்பி, வேலை சுருக்கா முடியும்" என்றாள். "அக்கா, இதுக்குப் பேர் வேற" என்றேன். கேட்கவில்லை.

துறை அலுவலகத்தில் நுழைந்ததும் நான் செய்த முதல் காரியம், கதவை இழுத்துப் பின்னால் பார்த்தது. போர்டு இல்லை. அட்டெண்டர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நோட்டீஸ் போர்டு வராந்தாவின் கோடியில் இருந்தது. எல்லாம் இங்கிலீஷ். போன வருஷத்து செமினார் போஸ்டருக்கு அடியில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை.

அக்கா மகள் வேலை பத்தே நிமிஷத்தில் முடிந்தது. வரிசையாக அடுக்கிய ஃபைலைப் பார்த்து கிளார்க்கே, "யாரும்மா அடுக்கிக் கொடுத்தா?" என்று கேட்டார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பால்கோவாவை நீட்டினேன்.

"எனக்கு சுகர் தம்பி" என்றார்.

கிளம்பத் திரும்பினேன். அடுத்து நின்றது ஒரு பையன், கூடவே அவன் அப்பா. வேட்டி, தோளில் துண்டு, கையில் ஜவுளிக்கடைப் பை. பைக்குள்ளே ரேஷன் கார்டு முனை எட்டிப் பார்த்தது. எனக்குத் தொண்டை வறண்டது. அடுத்த வசனம் எனக்கு மனப்பாடம்.

"மைக்ரேஷன் எங்கே தம்பி?"

"அப்படின்னா என்ன சார்?"

அன்றைக்கும் கடைசித் தேதிதான். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். இருவரும் எதுவும் கேட்காமல் காகிதங்களைப் பைக்குள் எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள்.

நான் வெட்கத்தை விட்டு உள்ளே நுழைந்தேன். "சார், இவங்களுக்குக் கொஞ்சம் டைம் கொடுக்க ஏதாவது வழி இருக்கா?"

கிளார்க் பதில் சொல்லுமுன், பின் மேஜையிலிருந்து சூப்பரின்டெண்ட் அம்மா நிமிராமலே சொன்னார்: "ஒரு அண்டர்டேக்கிங் எழுதி வாங்கிக்கோங்க. ஒரு மாசத்துல கொண்டு வந்து கொடுத்துடறேன்னு. ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்டுருவார்."

"இது... புது ரூலா மேடம்?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "நான் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து இருக்கு. கேட்டா கொடுப்போம். யாரும் கேக்கறதில்லை."

வெள்ளைத்தாளில் நாலு வரி. அவ்வளவுதான் சார். அனுப்புநர், பெறுநர், 'மேற்படி சான்றிதழை ஒரு மாதத்துக்குள் சமர்ப்பிப்பேன் என உறுதியளிக்கிறேன்', கீழே ஒரு கையெழுத்து. 2011ல் நான் போன இடத்தில் இந்த வழக்கம் இருந்ததா, இல்லையா? கேட்டிருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்! அந்தத் தாளைப் பையனுக்காக நான்தான் எழுதினேன். கணக்கு எழுதுகிற கை. ஆனாலும் அன்றைக்கு எழுத்து கொஞ்சம் கோணலாகவே வந்தது.

பையனின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இங்க புரொபசருங்களா அய்யா?"

"இல்லீங்க. பி.காம்." பால்கோவாவை அவர் பையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு சட்டம். 'முடியாது' என்றும் சொல்லக்கூடும். ஆனால் 'டைம் கொடுப்பீர்களா?' என்று கேட்பதற்கு எங்கேயும் ஃபீஸ் வசூலிப்பதில்லை. அப்பா வக்கீலாகவோ வாத்தியாராகவோ இருக்கிற பையனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். அவன் கேட்டே வளர்ந்தவன். மில் தொழிலாளி மகனுக்குத்தான் கிளார்க் சொன்னதே கடைசித் தீர்ப்பு. எங்களுக்குக் குறைந்தது மார்க் இல்லை, சார்!

★

சேர்ந்த பிறகும் போனில் பாடம் தொடர்ந்தது. வகுப்புக்கு வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே சிக்கல். ஜுரம் வந்தால் அன்றே மருத்துவச் சான்றிதழ் வாங்கு, செமஸ்டர் கடைசியில் தேடாதே. பதிவாளருக்கு எழுதும் கடிதம் நேராகப் போகாது. 'வழி: துறைத்தலைவர்' என்று போட்டு, துறை வழியாகத்தான் போக வேண்டும். எந்தக் கடிதம் கொடுத்தாலும் இன்னொரு நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்கு. 2021ல் யு.ஜி.சி. கொண்டுவந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கைத் திறந்து வை. படித்த பாடங்களின் கிரெடிட் அதில் வரவு வைக்கப்படும். (டெபிட்டே இல்லாத பேங்க் இருக்கிறது என்று என் பி.காம். வாத்தியார் சொல்லவே இல்லை!)

ராகிங் என்றால் பொறுத்துக்கொள்ளாதே. தமிழ்நாட்டில் 1997லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. யு.ஜி.சி.யின் 2009 விதிகள்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். இருபத்துநாலு மணி நேர உதவி எண் 1800-180-5522. போனில் பதிந்து வை. அப்புறம், 'அடுத்து எம்.ஃபில். முடிச்சிரு' என்று சித்தப்பா சொல்வார். சரி என்று தலையை மட்டும் ஆட்டு. அந்தப் படிப்பையே 2022ல் யு.ஜி.சி. நிறுத்திவிட்டது.

அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்கிற என் நண்பன் சொல்கிறான்: அங்கே அவன் துறையில் புது மாணவர்கள் கையில் முதல் நாளே ஒரு கையேடு கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் தாளை எப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் இருக்கிறார். இங்கேயும் யு.ஜி.சி. 2019ல் 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் புது மாணவர்களை வரவேற்று வழிகாட்டும் திட்டம் ஒன்றை வகுத்தது. நல்ல திட்டம். ஆனால் நான் பார்த்த வரவேற்பு விழாக்களில் குத்துவிளக்கு உண்டு, பொன்னாடை உண்டு, ஒன்றரை மணி நேர உரை உண்டு. ஸ்காலர்ஷிப் படிவத்துக்குக் கடைசித் தேதி எது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, அந்தப் பையன் மைக்ரேஷன் கொண்டு வந்து குடுத்துட்டான். ரெண்டு பேரும் சேர்ந்து, நீங்க சொன்னதையெல்லாம் தமிழ்ல ஒரே பக்கத்துல எழுதி, சூப்பரின்டெண்ட் மேடம்கிட்ட காட்டித் திருத்தி ஒட்டிட்டோம். அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு ஆகும்ல? அண்டர்டேக்கிங்தான் முதல் வரி."

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான்:

"எங்க ஒட்டினீங்க பாப்பா? கதவுக்குப் பின்னாலயா?"

"இல்ல மாமா. தண்ணி கேனுக்கு மேல. எல்லாரும் அங்கதான வருவாங்க!"